நியூ ஜெர்சி ஜெபப் புத்தகமும் என் குங்குமமும்

எஸ்தருக்கு லத்தீன் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. வரலாற்றில் நான் முதல் ரேங்க். அவள் இரண்டு பேப்பரில் அரியர் வைத்து, என் நோட்ஸை வாங்கிப் படித்துத் தேறியவள். இருபது வருடம் கழித்து, 1998 அக்டோபரில், நியூவார்க் விமான நிலையத்தில் எனக்காக ஒரு கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னடி மங்கை, இப்டி எளச்சுட்ட? வா வா, கோட்ட போட்டுக்க, வெளிய குளிரு" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பார்க்கிங்கில் நாலைந்து வரிசை தேடியும் காரைக் காணவில்லை. வேறு மாடியில் நிறுத்திவிட்டு இங்கே தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆராய்ச்சி, இடைக்கால இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்கள். உறையூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே கொலை, கொள்ளைக்கெல்லாம் அரசனின் கோர்ட். அடுத்த வீட்டுக்காரியை அசிங்கமாகத் திட்டியது, கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியது, கள்ள உறவு, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது, இவையெல்லாம் திருச்சபையின் கோர்ட்டுக்குப் போகும். அங்கே உட்கார்ந்து எழுதின குமாஸ்தா யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் தெருக்குழாயடியைத் தினமும் பார்த்தவளுக்கு அதில் அந்நியமாக ஒன்றுமே தெரியவில்லை. அதைப் படிப்பதற்காகவே ஆறு வருடம் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, பாதிரியார்கள் படிக்கிற செமினரிக்குப் போய் லத்தீன் கற்றுக்கொண்டேன்.

அந்த வழக்குகளில் ஒன்றுதான் ஆக்னஸுடையது. பதினைந்தாம் நூற்றாண்டு. விதவை. வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்றுப் பிழைத்தவள். கல்யாணமான ஒருத்தனோடு அவளுக்குத் தொடர்பு இருப்பதாக ஊர் பேசியது. ஊர் பேசினாலே போதும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அவள் இல்லவே இல்லை என்று மறுத்தாள். அப்படி மறுக்கிறவர்கள் சாட்சி தேட வேண்டாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேரைக் குறித்த நாளில் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அந்த ஆறு பேரும் சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கைவைத்து, "இவள் சொல்வது சத்தியம் என்று நம்புகிறோம்" என்று சொல்லவேண்டும். சொன்னால் விடுதலை. ஒருத்தி வராவிட்டாலும் தண்டனை. வெறும் காலோடு, கையில் மெழுகுவர்த்தியோடு, எல்லார் முன்னாலும் கோயிலைச் சுற்றி நடக்கவேண்டும்.

என்னிடம் இருந்த அச்சுப் புத்தகத்தில் ஆக்னஸுக்கு நாள் குறித்ததோடு வழக்கு நின்றுவிடுகிறது. அடுத்த தாளைக் காணோம். ஆறு பேரும் வந்தார்களா? தெரியாது. வந்திருக்கமாட்டார்கள் என்று என் பிஎச்.டி. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதினேன். வியாபாரத்தில் நாலு பேர் கண்ணை உறுத்துகிற அளவுக்கு நன்றாக இருக்கிற விதவைக்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரி வருவாள்? அக்கம்பக்கத்துப் பொறாமையைப் பற்றி எழுத எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. தேர்வாளர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் ரொம்பப் புகழ்ந்தார்கள்.

எஸ்தர் கல்யாணமாகி அமெரிக்கா போய், நூலகப் படிப்பு ஒன்றைப் படித்து, நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் அவளிடமிருந்து ஒரு ஜெராக்ஸ் தாள் வந்தது. "ஒரு பழைய ஜெபப் புத்தகத்தோட பின்னட்டைக்கு உள்ள இத ஒட்டியிருக்காங்க. உன் கோர்ட் சமாசாரம் மாதிரி இருக்கே?" என்று கூடவே ஒரு சீட்டு. பழைய கோர்ட் ஏடுகளைக் கிழித்து, வேறு புத்தகங்களை பைண்டு செய்கிறவர்கள் அட்டைக்குள் வைத்து ஒட்டிவிடுவது வழக்கம்தான். ஜெராக்ஸில் பாதி கறுப்பாக இருந்தது. மேல் வரியில் ஆக்னஸின் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பதினைந்து வருடமாக நான் தேடியது, லத்தீனில் ஆமாம், இல்லைகூடத் தெரியாதவள் கையில் தானாகப் போய் விழுந்திருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஜெர்சி சிட்டியில் அவர்கள் வீடு ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில், நான்காவது மாடி. கணவர் சாம் ஒரு வங்கியில் காண்ட்ராக்ட்டில் கம்ப்யூட்டர் வேலை. அன்றைக்கு அவர்தான் மீன் குழம்பு வைத்திருந்தார். "சிஸ்டர், இங்க வஞ்சிரம் எல்லாம் ஃப்ரோசன்தான். அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார். அட்ஜஸ்ட் செய்துகொள்ள ஒன்றுமே இல்லை. புளியும் மிளகாயும் கச்சிதம். என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. எஸ்தர் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் ஷீபாவுக்குப் பதினொன்று. நான் தமிழில் கேட்டதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. "நீங்கதான் அம்மாவுக்கு நோட்ஸ் கொடுத்த ஆன்ட்டியா? நீங்க இல்லன்னா அம்மா பாஸ் பண்ணியிருக்கவே மாட்டாங்களாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எஸ்தர் அதையெல்லாம் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறாள். நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

சாப்பாட்டுக்கு நடுவில்தான் சாம் சொன்னார். எஸ்தருடைய வேலை மூன்று வருடமாகத் தற்காலிகம். வருகிற வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பேச்சு. "பர்மனென்ட் ஆயிட்டா மெடிக்கல் இன்ஷூரன்ஸ் மாதிரி பெனிஃபிட்ஸ் வந்துடும் சிஸ்டர். என் காண்ட்ராக்ட் எப்ப முடியும்னே தெரியாது. இவள நம்பித்தான் இருக்கோம்" என்றார். நான் "கர்த்தர் நல்லது செய்வார்" என்றேன். வாய் சொன்னது. மனசு, லத்தீன் தெரியாதவளுக்கு எதற்கு நிரந்தரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்ததும் என்னை இந்தியக் கடைத் தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். முருங்கைக்காய் உறைந்த துண்டுகளாகப் பாக்கெட்டில் கிடந்தது. கறிவேப்பிலையை எஸ்தர் முகர்ந்து பார்த்து வாங்கினாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு குஜராத்திப் பெண்கள் ஒருத்தியின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "வாய் இனிப்பு, கை கசப்பு என்கிறார்கள்" என்று எஸ்தர் எனக்கு மொழிபெயர்த்தாள். குஜராத்தியும் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு, ஊரிலிருந்து மடித்துக் கொண்டுவந்த சமயபுரம் குங்குமத்தை நெற்றியில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டேன். வழக்கமாக ஸ்டிக்கர் பொட்டுதான். ஆக்னஸைப் பார்க்கப் போகிற நாள் என்பதால் மாரியம்மனைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

'பாத்' என்கிற உள்ளூர் ரயிலில் ஒரு கூத்து நடந்தது. நான் ஏறிவிட்டேன்; சாம் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதப் பையும் என்னோடு ஏறிவிட்டது; எஸ்தர் யாரோ ஒரு கிழவரின் விழுந்த தொப்பியை எடுத்துக்கொடுக்கக் குனிந்தாள், கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி என்னமோ கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அசையாமல் நில். உன் சிநேகிதி அடுத்த வண்டியில் வருவாள். வருகிற முகம்தான் அது" என்றாள். இறங்கி அசையாமல் நின்றேன். அடுத்த வண்டியில் மூச்சிரைக்க வந்தாள். திருச்சி ஜங்ஷனாக இருந்தால் படியில் தொங்கிக்கொண்டாவது வந்திருப்பாள்.

நூலகத்தில் முதலில் பையைப் பூட்டிவைக்கச் சொன்னார்கள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் தந்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைக்கவேண்டும். வளையல்களையும் கழற்றச் சொன்னாள் எஸ்தர். வீட்டில் 'அடியே' என்று பேசுகிறவள் அங்கே குரலையே மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மெதுவாகச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னவளுக்கு என் நெற்றியைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. கையைத்தானே எல்லாரும் பார்ப்பார்கள்.

வாசிப்பு அறையின் தலைவி மிஸஸ் கார்வர். அறுபது வயது இருக்கும், வெள்ளை முடி, ஒட்ட வெட்டியது. என் கையைக் குலுக்கிவிட்டு, "இந்தத் தாளைக் கண்டுபிடித்தது எஸ்தர். இந்த அறையில் அவளுக்குத்தான் கூர்மையான கண்" என்றார். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியதே இந்தக் கோர்ட் ஏடுகளைப் படித்துத்தான். அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

எஸ்தர் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு பஞ்சுத் திண்டுகளைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் வைத்து, பின்னட்டையைத் திறந்து, துணியில் ஈயக் குண்டு கோத்த ஒரு கயிற்றை அட்டை மூடிக்கொள்ளாமல் இருக்க ஓரத்தில் படுக்கவைத்தாள். எல்லாம் அவளுக்குப் பழகிய கை. திறந்ததும் அந்தக் குமாஸ்தாவின் கையெழுத்து. அச்சில் பதினைந்து வருடம் பார்த்ததை மையில் பார்க்கிறேன். மை பழுப்பாகிப்போயிருந்தது. அவர் பேனாவை எங்கே தொட்டு எடுத்தார் என்பதுவரை தெரிந்தது.

நம் ஊரில் புதுப் புத்தகம் கைக்கு வந்தால் என்ன செய்வோம்? கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. புத்தகத்தைத் திண்டிலிருந்து தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான் குனிந்தேன். கண்ணையும் நெற்றியையும் அந்தத் தாளில் ஒரு கணம் வைத்து எடுத்தேன். எஸ்தர் அப்போது வேறொருவருக்குப் புத்தகம் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

அன்றைக்கு மேலே இரண்டு வரியைத் தாண்டமுடியவில்லை. குமாஸ்தா அவசரக்காரர். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மேலே ஒரு கோடு போட்டிருந்தார். நாலு நாள் அனுமதி இருக்கிறதே என்று நிதானமாகத்தான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஸ்டிக்கர் பொட்டோடு போனேன். மிஸஸ் கார்வர் எங்கள் இரண்டு பேரையும் மேசைக்குக் கூப்பிட்டார். ஜெபப் புத்தகம் அங்கே திறந்து கிடந்தது. கோர்ட் தாளின் ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சிவப்பு.

"சாயங்காலம் எடுத்து வைக்கும்போது பார்த்தேன். காலையில் இது இல்லை. நேற்று இதைக் கையாண்டது நீங்கள் இரண்டு பேர்தான். இது எப்படி வந்தது என்று தெரியுமா?" என்று கேட்டார். கோபம் இல்லை. குரல் உயரவும் இல்லை.

என் குங்குமம். நான்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால் அனுமதி அந்த நிமிஷமே போய்விடும். ஆறு பேர் வந்தார்களா என்பது எனக்கு இரண்டு வரி தூரத்தில் இருந்தது. இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். எல்லாம் தானாக மடியில் வந்து விழுகிறவளுக்கு ஒன்று கைவிட்டுப் போனால் என்ன என்று என் மனசின் ஒரு மூலை சொன்னது. நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எஸ்தர் என் நெற்றியைப் பார்த்தாள். பார்த்தது எனக்குத் தெரிந்தது. பிறகு மிஸஸ் கார்வரிடம், "எடுத்துக்கொடுத்தது நான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டியதும் நான். என் பொறுப்பில் இருந்த புத்தகம், நான்தான் பதில் சொல்லவேண்டும்" என்றாள். மிஸஸ் கார்வர் அதை ஒரு பதிவேட்டில் எழுதினார். "நீங்கள் தொடர்ந்து படிக்கலாம், டாக்டர்" என்று என்னிடம் சொன்னார்.

படித்தேன். கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து படித்தேன். புதன்கிழமை மத்தியானம் அந்த வரி பிடிபட்டது. குறித்த நாளில் ஆக்னஸ் வந்தாள். அவளோடு ஜோனும் மாட்டில்டாவும் எலனும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். ஆறு பேர் பெயரையும் குமாஸ்தா எழுதியிருந்தார். ஆறு பேரும் புத்தகத்தின்மேல் கைவைத்தார்கள். விடுவிக்கப்பட்டாள். அவ்வளவுதான், ஒன்றரை வரி. அடுத்து யாரோ ஒருவன் திருவிழா நாளில் வண்டி ஓட்டிய வழக்கு.

என் அத்தியாயம் முழுதும் தப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர், தங்களுக்கும் அவப்பெயர் வரும் என்று தெரிந்தே, வந்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன்.

ரயிலில் எஸ்தர், "படிச்சுட்டியா? வந்தாளுங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள். "ஆறு பேரும் வந்தாளுங்க" என்றேன். "அப்பாடா" என்று என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். தன் வேலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குங்குமம் என்ற வார்த்தையை எடுக்கவேயில்லை. அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், விஷயம் தீர்ந்திருக்கும். வீட்டில் சாம் தோசை வார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு எந்தப் புடவை கட்டுவது என்று ஷீபா அம்மாவை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மூன்றாவது தோசை இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், கமிட்டி கூடுவதற்கு முன்பே, நான் டெக்சாஸின் பிளானோவுக்கு விமானம் ஏறிவிட்டேன். என் தம்பி குமார் அங்கே இருக்கிறான்.

டெக்சாஸில் எல்லாமே தூரம். குமார் டோல்வே என்கிற சுங்கச் சாலையில் ஓட்டிக்கொண்டே, "அக்கா, இங்க லைஃப் செம ஈஸி. எல்லாம் டிரைவ் பண்ணி போய்டலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இறங்கவேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டான். அடுத்த எக்ஸிட் வருவதற்குள் நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தேன். வீடு பெரியது. மூன்று குளியலறை. அவனும் மனைவியுமாக இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தம்பி வீட்டைப் பார்த்து எனக்குப் பொறாமை வராதது எனக்கே ஆச்சரியம். என் பொறாமை முழுவதையும் நியூ ஜெர்சியில் செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது.

திங்கட்கிழமை வீட்டில் தனியாக உட்கார முடியாமல், இந்தியக் கடைக்கு நடந்து போகலாம் என்று கிளம்பினேன். குமார் காரில் அஞ்சு நிமிஷம் என்று சொல்லியிருந்தான். முக்கால் மணி நேரம் நடந்தும் கடை வரவில்லை. நடைபாதையும் பாதியில் முடிந்துபோனது. ரோட்டில் நடக்கிற மனித உயிர் நான் ஒருத்திதான். ஒரு பெரிய வண்டி வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, "உங்கள் கார் நின்றுவிட்டதா? ஏதாவது கஷ்டமா? யாருக்காவது போன் செய்யவேண்டுமா?" என்று பதறிக் கேட்டார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளுக்கு வேறு என்ன காரணம் இருக்கமுடியும்? "ஆமாம், ஒருவருக்குப் போன் செய்யவேண்டும்" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

நூலகத்தின் எண் என் குறிப்பு நோட்டில் இருந்தது. மிஸஸ் கார்வரே எடுத்தார். நான் முன்னுரை எதுவும் வைக்கவில்லை. அந்தச் சிவப்பு என் நெற்றியில் இருந்து வந்தது, எஸ்தருக்கு அதில் சம்பந்தமில்லை, அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாமல் நின்றேன் என்று கொட்டினேன்.

"தெரியும்" என்றார். "திங்கட்கிழமை உங்கள் நெற்றியை நானும்தான் பார்த்தேன்."

அவரே தொடர்ந்தார். "செவ்வாய்க்கிழமை மத்தியானமே எஸ்தர் என் அறைக்கு வந்தாள். உங்கள் ஊரில் புத்தகத்தை எப்படி மதிப்பீர்கள் என்று செய்து காட்டினாள். நீங்கள் இந்தத் தாளுக்காகப் பதினைந்து வருடம் காத்திருந்தவர், படித்து முடிக்கிறவரை உங்களிடம் ஒன்றும் கேட்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் புத்தகத்தையே எடுத்து வந்து ஒரு படத்தையும் காட்டினாள். அதில் ஒரு புனிதையின் முகம் மொழுமொழுவென்று அழிந்திருக்கிறது, தெரியுமா? ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்கள் ஜெபம் செய்யும்போதெல்லாம் முத்தமிட்டே அழித்துவிட்டார்கள். இவளும் அதைத்தானே செய்திருக்கிறாள் என்று என்னிடம் வாதாடினாள். அதனால்தான் அதன் பிறகு உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை."

"அவள் வேலை?" என்று கேட்டேன்.

"ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். புத்தகம் அவள் பொறுப்பில் இருந்தது; விதி விதிதான். நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் அனுமதி போயிருக்கும், அவளுக்கு ஒரு எச்சரிக்கையோடு முடிந்திருக்கும்." பிறகு, "போன் செய்ததற்கு நன்றி. எழுத்திலும் அனுப்புங்கள், கோப்பில் வைக்கிறேன்" என்றார்.

அன்றைக்கே எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கம். குமார் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்று கையால் எழுதினேன். அதன் பிறகு எஸ்தரைக் கூப்பிட்டேன். "ஏன்டி என்ட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று நான்தான் அழுதுகொண்டே சண்டைக்குப் போனேன்.

"சொன்னா நீ படிச்சிருப்பியா?" என்றாள். "எனக்கு ஆறு மாசம்டி. மூணு வருஷத்தோட அதுவும் போவட்டும். நீ எம்.ஏ. படிக்கிறப்ப எனக்கு ஹிஸ்டரி சொல்லிக்குடுத்தியே, அப்பலேர்ந்து ஏதோ ஒன்னத் தேடிக்கிட்டே இருக்க. எனக்கு அந்த மாதிரி எதையும் தேடத் தெரியாது. உன்னப் பார்த்தா எனக்கு எப்பவும் பொறாமதான்." அவள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். பின்னால் ஷீபா டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டாள், "சத்தத்தக் கொறைடி!" என்று எஸ்தர் கத்தினாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு தம்பியின் பெரிய வீட்டுக்கு நடுவில் நின்றேன்.

ஊருக்குத் திரும்பி, அத்தியாயத்தை முழுதாகத் திருத்தி எழுதினேன். அடிக்குறிப்பில், தாளைக் கண்டுபிடித்தவர் என்று எஸ்தரின் பெயரை முழுப் பெயராகப் போட்டேன். அடுத்த கோடையில் அவளுக்கு வேலை நிரந்தரமானது என்று சாம் கடிதம் எழுதியிருந்தார். சந்தோஷப்பட்டேன். பாதிக்கு மேல் உண்மையான சந்தோஷம்தான்.

அந்த வருடக் கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. நூலகத் துறையினர் நடத்துகிற ஒரு நல்ல பத்திரிகை. அதில் எஸ்தரின் கட்டுரை, பதினாலு பக்கம், வண்ணப் படங்களோடு. பழைய ஜெபப் புத்தகங்களில் வாசகர்கள் விட்டுப்போன அடையாளங்களைப் பற்றி எழுதியிருந்தாள். உதடு பட்டு அழிந்த முகங்கள், விரல் பட்டுக் கறுத்த ஓரங்கள், மெழுகுவர்த்திச் சொட்டுகள். ஒரே மூச்சில் படித்தேன். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம். கடைசிப் படம் ஆக்னஸின் தாள். ஓரத்தில் அந்தச் சிவப்பு. கீழே, அந்தப் புத்தகத்தில் பதிந்த ஆகக் கடைசி பக்தி அடையாளம் இது என்றும், பதித்தது "இந்தியாவிலிருந்து வந்த ஒரு வாசகர்" என்றும் போட்டிருந்தாள்.

பெயரைப் போடவில்லை. பத்திரிகை உலகம் முழுக்கப் போகும், என் துறையில் நாலு பேர் படிப்பார்கள், கறை பண்ணியவள் என்று என்னை யாரும் சொல்லிவிடக்கூடாது என்று விட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியும். இந்த முறையும் எனக்காக நின்றிருக்கிறாள் என்பதும் தெரியும். தெரிந்தும், அந்தப் படத்துக்குக் கீழே என் பெயர் வந்திருக்கவேண்டும் என்று வயிறெரிந்து, பத்திரிகையை மூடிவைத்துவிட்டு, வாழ்த்துக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன்.